பித்தளையும் பித்தலாட்டமும்

ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாய்க்கால் பாலத்தின் மேல் நின்றுகொண்டு ஜெபசீலன் வாத்தியார் ஒரு தீர்மானம் எடுத்தார். இனிமேல் செத்துப்போனவர்கள் எழுதின பாட்டை ஊதுவதில்லை.

தீர்மானம் எடுத்தபோது நெஞ்சு நன்றாக விரிந்திருந்தது. வீட்டு முடுக்குக்குள் திரும்பியபோது பாதியாகிவிட்டது. அடுக்களையில் மனைவி ராஜபாய் கருவாட்டுச் சட்டியை நங்கென்று இறக்கிவைத்த சத்தம் கேட்டபோது, நெஞ்சு என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை.

இரணியலுக்குக் கிழக்கே, வயலும் தென்னந்தோப்புமாகக் கிடந்த ஒரு சிற்றூரில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் அவர். சபை பேண்டில் யூபோனியம் வாசிப்பவரும் அவர்தான். யூபோனியம் என்றால் மடியில் உட்காரவைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் அண்டா என்றே சொன்னார்கள். "வாத்தியாரு நல்ல வாத்தியாரு. வாத்தியம்தான் வாத்தியாருக்கு வசப்படல்ல" என்று ஒரு பேச்சும் ஊரில் உண்டு. அதைக் கட்டிவிட்டது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

சபை பேண்டுக்குச் சில ஞானப்பாட்டுகள் தெரியும். அதற்கு மேல் ஒரே ஒரு மார்ச்சு தெரியும். அதை வேகமாக வாசித்தால் கல்யாணம். மெதுவாக வாசித்தால் அடக்கம். பல வருஷம் ஒரு குழப்பமும் இல்லாமல்தான் நடந்தது. பூதப்பாண்டியில் ராஜபாயின் தம்பி கல்யாணத்தன்றுதான் தவறிப்போயிற்று. முந்தின நாள் ஓர் அடக்கத்துக்கு வாசித்துவிட்டு வந்த களைப்பு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டு மெதுவாக ஆரம்பித்துவிட்டது. வழியில் நின்ற பெரியவர் ஒருவர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெண்ணின் தாயார் விம்மி அழுதாள். குதிரை வண்டியில் இருந்த மாப்பிள்ளை, தன் முகத்தையே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்கு ராஜபாய் போட்ட சட்டம் இதுதான். அண்டா வீட்டுக்குள் வரப்படாது. கல்யாணம், அடக்கம் தவிர ஊதப்படாது. பழகுகிறேன் என்று ஒரு வார்த்தை பேசப்படாது.

அதிலிருந்து அண்டா சபைக் கோவில் அலமாரியில் குடியிருந்தது. வாத்தியார் வீட்டில் குடியிருந்தார். இரண்டில் அண்டாவுக்குத்தான் கொஞ்சம் சுதந்திரம்.

இந்த நிலைமையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. கழுத்தில் ஒரு கட்டி. மருந்து வாங்க டாக்டர் துரையின் பங்களாவுக்குப் போனார். துரை வேல்ஸ் தேசத்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழைப் பைபிளிலிருந்து படித்தவர். தலைவலி மருந்து கொடுக்கும்போதும் மலைப்பிரசங்கம் மாதிரி இருக்கும். அவருடைய வராந்தாவில் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது.

வாத்தியார் முதல் படியில் வைத்த காலை இரண்டாம் படிக்கு எடுக்கவில்லை.

பேண்டுதான். பிடிலும் இல்லை, பாட்டுக்காரரும் இல்லை. எல்லாமே காற்றில் பேசுகிற வாத்தியங்கள். ஆனால் இப்படி ஒரு பேண்டை அவர் கேட்டதில்லை. கிளாரினெட்டுகள் கதிர் முற்றின வயலில் கிளி இறங்குவதுபோலக் கூட்டமாக இறங்கின. கார்னெட்டு ஏதோ கேட்டது. அடியில் கிடந்த பெருங்குழல்கள் யோசித்து, வேறு பதில் சொல்லின. பிறகு எல்லாம் ஒதுங்கி நின்றன. நடுவில் ஒரே ஒரு குழல் மட்டும், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மனுஷன் மாதிரி, மெதுவாகப் பாட ஆரம்பித்தது.

யூபோனியம். அவருடைய அண்டா.

இத்தனை வருஷமும் அவர் அதில் 'பூம்' என்பார். சும்மா இருப்பார். மறுபடியும் 'பூம்' என்பார். அதற்குப் பாடத் தெரியும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

தட்டு நின்றது. துரை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எந்தப் பட்டாளத்துப் பேண்டு துரை?" என்று கேட்டார் வாத்தியார்.

"பட்டாளம் அல்ல."

"அப்பம் கல்யாணமா, அடக்கமா?"

"இரண்டும் அல்ல, உபாத்தியாயரே. ஜனங்கள் உட்கார்ந்து கேட்கும்படிக்கு எழுதப்பட்டது."

"பேண்டுக்கா? உக்காந்து கேக்கதுக்கா?"

"ஆம். பேண்டுக்கென்றே எழுதப்பட்டது."

வாத்தியார் இரண்டாம் படியில் ஏறினார். "எழுதினவரு எப்பம் மரிச்சாரு?"

"மரிக்கவில்லை. ஜீவனோடிருக்கிறார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் பள்ளிக்கூட உபாத்தியாயர். இதை எழுதிச் சில வருஷங்கள்தான் ஆகின்றன."

ஞானப்பாட்டுப் புஸ்தகத்தில் ராகம் எழுதினவர்கள் எல்லோருக்கும் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போட்டிருக்கும். செத்தால்தான் ராகம் எழுத விடுவார்கள்போல என்று அவர் நினைத்திருந்தார். இப்போது ஒருவர் உயிரோடு இருக்கிறார். அதுவும் வாத்தியார். ஒருவேளை பூகோள வாத்தியாராகவே இருக்கலாம்.

துரை இன்னொரு விஷயமும் சொன்னார். அவர் ஊர்ப் பேண்டில் கிளாரினெட் வாசித்தவராம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தாள்களும், சும்மா கிடந்த ஒரு பழைய யூபோனியமும் அவரிடம் இருந்தன. சபை பேண்டு வந்தால் செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் வராந்தாவில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார். அறுப்பின் பண்டிகையன்று கோவில் முற்றத்தில் வாசிக்கலாம். நடுவில் வருகிற அந்தத் தனிப்பாட்டு உபாத்தியாயருக்குத்தான்.

துரை கட்டியை அமுக்கிப் பார்த்தார். வாத்தியார் களிம்பு வாங்க மறந்து, பாலத்தில் நின்று தீர்மானம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் வீட்டைவிட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். பித்தளையை ஊதுகிறதற்காக அவர் ஒரு பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்தார். பித்தளையும் பித்தலாட்டமும் ஒரு ஜாதி. தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளக்கும். அவர் வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"துரை என்ன சொன்னாரு?" என்றாள் ராஜபாய்.

"கட்டி ஒண்ணுமில்லையாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெஞ்சுதான் பலவீனமாம்."

கறியைக் கிண்டிக்கொண்டிருந்த அகப்பை நின்றது.

"நெஞ்சா?"

"ஆமா. காத்து போதாதாம். வாரத்துல ரெண்டு நாள் பலமா ஊதணுமாம். அவருக்கு முன்னால வச்சு."

"என்னத்தை ஊதணுமாம்?"

வாத்தியார் கூரையைப் பார்த்தார். "யூபோனியம் கொள்ளாம்னு சொன்னாரு."

ராஜபாய் அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். பிறகு காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ராஜபாய் 'மாட்டேன்' என்று சொன்ன காரியங்களில் அவர் எப்படியாவது பிழைத்துக்கொண்டிருக்கிறார். 'சரி' என்று சொன்ன காரியங்களில்தான் அடிபட்டிருக்கிறார். ஆனால் அன்று அவர் காதுக்குள் கிளாரினெட் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு துண்டு கருவாடு அதிகமாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் ராஜபாய் பங்களாவுக்குப் போனாள். அது வழக்கம்தான். துரைசானி அங்கே பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னச் சொல்லிக்கொடுத்தாள். ராஜபாய் பின்னுகிற ரேந்தை சீமைவரைக்கும் போகும். திரும்பி வர விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. வந்தவள் நேரே தொழுவத்துக்குப் போனாள். பசுவுக்குத் தண்ணீர் காட்டினாள். வாளி நிரம்பி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றாள். வாத்தியாருக்குப் பயம் வந்தது.

"துரையைப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாத்தேன். உங்க நெஞ்சைப் பத்திக் கேட்டேன்."

வாத்தியார் வாளியை நகர்த்திவைத்தார். "என்ன சொன்னாரு?"

"'உம்முடைய புருஷனுக்கு நெஞ்சு சரியில்லை, அது அவருக்கே தெரியும்'னாரு."

"அவ்வளவுதானா?"

"'இப்படிப்பட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நித்திரை பண்ணுகிறார்'னும் கேட்டாரு."

வாத்தியார் திண்டாடிப்போனார். துரை காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒரு பக்கம் நிம்மதி. ஆனால் துரை எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? கட்டியை அமுக்கிப் பார்த்தபோது நெஞ்சிலும் ஏதாவது கண்டுபிடித்துவிட்டாரோ? பொய் சொல்லப் போன இடத்தில் மெய்யாகவே வியாதி உட்கார்ந்திருந்ததோ?

"அப்பம் நாளைக்கு ஊதப் போகணும் இல்லியா?" என்றார்.

"ஊதவா? இந்த நெஞ்சை வச்சிட்டா? நான் துரைட்ட சொல்லிட்டேன், அவ்வோ இப்பம் ஊத வரமாட்டாவோன்னு. அவரும் அதுதான் நியாயம்னாரு."

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. காலையில் சுக்குக் கஷாயம். மத்தியானம் பயற்றங்கஞ்சி. ராத்திரி பயறு இல்லாத கஞ்சி. மீன் வாசனை அவருக்கு ஆகாது என்று ராஜபாயே தீர்மானித்தாள். ஆனால் அயிலைக் கறி வைப்பதை நிறுத்தவில்லை. வாசனை வராதபடி அவள் மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். சாரல் காற்று ஆகாது. ஆகையால் பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு இறங்கப்படாது. கழுத்தில் கம்பளித் துணி. பள்ளிக்கூடத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எவ்வளவு வேகமாக நுழைகிறது என்பதைக் கம்பளித் துணிக்குள்ளிருந்து ஒரு வாத்தியார் கம்மின குரலில் விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஜபாய் சலவைச் சேலை உடுத்து நின்றாள்.

"எங்க போறே?"

"பெண்கள் ஜெபக்கூட்டம். உங்க நெஞ்சுக்காகத்தான் ஜெபம் வச்சிருக்கு. உலையைப் பாத்துக்கிடுங்க. பசு அவுத்துட்டு ஓடாமயும் பாத்துக்கிடுங்க."

"எப்பம் வருவே?"

"உங்க நெஞ்சு எவ்வளவு ஜெபம் கேக்குமோ, யாருக்குத் தெரியும்."

நெஞ்சு நிறையவே கேட்டது. வெள்ளிக்கிழமையும் கேட்டது. அடுத்த செவ்வாயும் கேட்டது.

அவள் போனபின் வாத்தியார் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பங்களா வராந்தாவிலிருந்து, பேண்டு கேட்கும். முதலில் கேட்டபோது அவருக்கு ஒரு சந்தோஷம். படு மோசமாக இருந்தது. தகரக்கடையில் மாடு புகுந்ததுபோல இருந்தது. நான் இல்லாமல் இவர்கள் எங்கே உருப்படப் போகிறார்கள் என்று கஞ்சியைக் கிண்டினார். நடுவில் யூபோனியம் பாட வேண்டிய இடத்தில் வெறும் மௌனம். அந்த மௌனம் தனக்காகக் காத்திருக்கிற நாற்காலி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த மௌனத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சேற்றில் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி கத்துவதுபோல.

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய அண்டாவை எவனோ எடுத்துவிட்டான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கபிரியேல் நோயாளியைப் பார்க்க ஒரு சீப்புப் பழத்தோடு வந்தான். பேண்டில் டிரம் அடிப்பவன் அவன்தான். வாத்தியார் பழத்தைப் பார்க்கவில்லை.

"யாருவே என் அண்டாவை எடுத்தது?"

"புது ஆளு" என்றான் கபிரியேல்.

"எந்த ஊரு?"

கபிரியேல் அடுக்களைப் பக்கம் பார்த்தான். அங்கே முறுக்கு சுடுகிற வாசனை. "ஊரு பூதப்பாண்டிப் பக்கம்தான்."

"பூதப்பாண்டியில ஊதத் தெரிஞ்ச ஆளு யாருவே? எங்க சம்பந்தக்காரங்க ஊருல்லா அது. அங்க எனக்குத் தெரியாத ஆளா?"

"உமக்குத் தெரிஞ்ச ஆளுதான் வே. ஆனா தெரியாது."

"என்னவே சொல்லுதீரு? வாசிப்பு எப்படி?"

"ஆரம்பத்துல சிரமம்தான். இப்பம் பரவாயில்ல. படிப்பு உண்டும். ஸரிகமன்னு துரை சொல்ல வேண்டியதில்ல, தாளைப் பாத்தே பிடிக்குது. மூச்சும் உண்டும் பாத்துக்கிடும். ஒரே இழுப்புல நாலு வரி போகும்."

"என்னைய விடவா?"

கபிரியேல் தொழுவத்தைப் பார்த்தான். "உம்ம பசு கொஞ்சம் மெலிஞ்சு போச்சே வே."

ராஜபாய் ஒரு தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து கபிரியேல் முன்னால் வைத்தாள். வாத்தியாருக்குக் கஷாயம் வைத்தாள். கபிரியேல் வாய் நிறைய முறுக்கை அடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவனிடமிருந்து 'நொறுக்' என்பதுதான் பதில்.

அன்றைக்கே வாத்தியார் தனக்குக் குணமாகிவிட்டது என்று அறிவித்தார். முற்றத்தில் நின்று நெஞ்சை விரித்து மூச்சை இழுத்துக் காட்டினார். சுக்குப்பொடி மூக்கில் ஏறிவிட்டது. இருமல் வந்தது. அது லேசில் நிற்கவில்லை. ராஜபாய் கம்பளித் துணியை இன்னொரு சுற்று சுற்றினாள்.

துரையிடமே போய்க் கேட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் துரை என்ன சொல்வார்? நெஞ்சில் வியாதி என்று சொன்னால் உயிருக்கு ஆபத்து. பொய் சொன்னீர் என்று சொன்னால் மானத்துக்கு ஆபத்து. அதனால் பங்களா வழியே போகாமல் வயல் வரப்பு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு நாள் வரப்பு முடிகிற இடத்தில் துரையே சைக்கிளில் எதிரே வந்துவிட்டார். இறங்கி, கனிவோடு தோளில் கை வைத்தார்.

"உபாத்தியாயரே, உமது நெஞ்சில் ஏதாகிலும் இருக்குமானால், என்னிடத்தில் மறைக்காமல் சொல்லலாம்."

வாத்தியார் வரப்பில் ஓர் அடி பின்வாங்கினார். "ஒண்ணும் இல்ல துரை. வலிகூட இல்ல."

"வலிகூட இல்லையா?"

"கொஞ்சமும் இல்ல."

துரை மிகுந்த துக்கத்தோடு தலையை ஆட்டினார். "அப்படியானால் இன்னும் சிலகாலம் கஞ்சி குடியும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

வலி இல்லாவிட்டால்தான் மோசம்போலும். வாத்தியார் அன்று முழுவதும் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இமயமலையின் உயரம் மறந்துபோயிற்று.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. வயல் மஞ்சளாயிற்று. பேண்டு வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டு வந்தது. வாத்தியார் அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. உலைக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. கிளாரினெட் எங்கே சிரிக்கும், கார்னெட் எங்கே கோபித்துக்கொள்ளும், கபிரியேல் எங்கே டிரம்மை முந்தி அடித்துவிடுவான் என்றெல்லாம் தெரிந்துவிட்டது. புது ஆள் எப்போது வருவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். வந்ததும் குற்றம் கண்டுபிடிப்பார். இந்த இடத்தில் இழுத்துவிட்டான். அந்த இடத்தில் விட்டுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அந்தத் தனிக்குழல் மெதுவாக ஏறி, கொஞ்சம் தயங்கி, ஒரு சுரத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வயலில் தவளைகூட அடங்கிவிட்டதுபோல இருந்தது. அவன் யாராயிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று வாத்தியார் நினைத்தார். அதை நினைத்துவிட்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு கஞ்சியில் விழுந்தது. அன்றைக்குத்தான் கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. கோவில் முற்றத்தில் நெல் கட்டும், வாழைக் குலையும், மரச்சீனிக் கிழங்கும், கால் கட்டின சேவல்களுமாகக் குவிந்து கிடந்தன. ஏலத்துக்கு முன்னால் பேண்டு. ராஜபாய் காலையிலேயே, பெண்கள் பக்கத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். போகும்முன் வாத்தியாருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தாள். சாரல் படாத இடம்.

பேண்டுக்காரர்கள் வந்து அரைவட்டமாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதுவே ஊருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏன்டே உக்காந்துட்டானுவ? நடக்கலியா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"கால் வலியா இருக்கும்."

நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வாத்தியாருக்கு நெஞ்சு மெய்யாகவே வலித்தது. பூதப்பாண்டிக்காரன் எங்கே? வரவில்லையா? வராவிட்டால் எழுந்து போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். வியாதியாவது மண்ணாவது. பாட்டு அவருக்குத் தலைகீழாகத் தெரியும். கம்பளித் துணியை அவிழ்த்து மடியில் வைத்தார். எழுந்திருக்கக் காலை ஊன்றினார்.

கோவில் பக்கக் கதவு திறந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், தோளில் ஊசி குத்தி, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜபாய் நடந்து வந்தாள்.

வாத்தியார் ஊன்றின காலை அப்படியே வைத்திருந்தார். அண்டாவைக் கொடுக்கத்தான் வருகிறாள், பாவம், எனக்காக எடுத்து வருகிறாள் என்று ஒரு கணம் நம்பினார். மனுஷ நெஞ்சு அப்படிப்பட்டது.

ராஜபாய் அவரைத் தாண்டிப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்டாவை மடியில் நிமிர்த்தினாள். முந்தானையால் வாயை ஒற்றினாள். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் சலசலவென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. துரை குச்சியைத் தூக்கினார்.

கிளிகள் வயலில் இறங்கின. கார்னெட் கேட்டது. பெருங்குழல்கள் பதில் சொல்லின. எல்லாம் ஒதுங்கின. ராஜபாய் மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சை வாத்தியாருக்குத் தெரியும். அவருடைய குறைகளைச் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் இழுக்கிற மூச்சு அது. ஒரே மூச்சில் கல்யாணத்திலிருந்து நேற்றுவரைக்கும் வந்துவிடுவாள். நடுவில் ஓரிடத்திலும் நிறுத்தமாட்டாள். ஒரே இழுப்பில் நாலு வரி என்று கபிரியேல் சொன்னபோதே தெரிந்திருக்க வேண்டும். ஊரில் வேறு யாருக்கு அந்த மூச்சு உண்டு?

ஆனால் அதே மூச்சிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குள் இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஒருத்தி இருக்கிறாள் என்றும் தெரியாது. முற்றம் முழுவதும் அசையாமல் இருந்தது. கால் கட்டின சேவல்கள்கூடக் கழுத்தைத் திருப்பிக் கேட்டன.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. கோவில் முற்றத்தில் தட்டலாமா என்று தெரியவில்லை. யாரோ ஒரு கிழவர் மட்டும், "இன்னொருக்க ஆகட்டும்" என்றார். முழுவதையும் இன்னொரு தடவை வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஏலம் நடந்தது. அன்று ஒரு பூசணிக்காயைக்கூட மக்கள் மரியாதையோடு ஏலம் கேட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்டாவை வாத்தியார்தான் சுமந்தார். எப்படி அது தன் தோளுக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ராஜபாய் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாலத்துக்கு வந்ததும் அவர் கூப்பிட்டார்.

"ராஜபாய்."

"ம்."

"எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல."

"தெரியும்."

"நான் சொன்னது பொய்யாக்கும்."

"அதும் தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"நீங்க சொல்லும்போதே தெரியும். நெஞ்சு பலவீனம்னு சொல்லிட்டு ரெண்டு துண்டு கருவாடு கூடப் போட்டுத் தின்னியளே. திங்கக்கிழமை துரைட்ட கேட்டேன். அவரு திருதிருன்னு முழிச்சாரு. பொறவு சிரிச்சாரு. 'பொய்க்குக் காரணமானதைக் கேளும் அம்மா'ன்னு அந்தத் தட்டைப் போட்டாரு."

அவள் நடை கொஞ்சம் மெதுவாயிற்று.

"ரேந்தை பின்னுத கட்டையை மடியில வச்சிட்டு அப்படியே இருந்துட்டேன். போர்டிங்குல படிக்கையில எல்லாப் பாட்டும் தாளைப் பாத்துப் பாடுவேன். கல்யாணத்துக்குப் பொறவு யாரு பாடச் சொன்னா? அது ஒத்தையில பாடிச்சே, அந்த இடம். எனக்காக எழுதினது மாதிரி இருந்துச்சு."

வாத்தியார் அண்டாவை மறு தோளுக்கு மாற்றினார். தனக்காக எழுதினது என்று அவர் இதே பாலத்தில் நின்று நினைத்திருந்தார்.

"நல்லா வாசிச்சே" என்றார்.

"ம்."

"மெய்யாட்டே சொல்லுதேன். என்னால அப்படி முடியாது."

"அதும் தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். வாத்தியாருக்கு இன்னும் ஒன்று ஆறவில்லை. கஞ்சி. ஆடியிலிருந்து புரட்டாசிவரைக்கும் குடித்த கஞ்சி. கதவுக்குப் பின்னால் போன அயிலை மீன்.

"அப்பம் நேரே சொல்லியிருக்கலாமே, ராஜபாய். துரை பங்களாவுல இன்னொரு அண்டா சும்மாத்தானே கிடக்கு. ரெண்டு பேருமாச் சேந்து ஊதியிருக்கலாம். என்னைய எதுக்கு நோயாளியாக்கி வீட்டுல இருத்தணும்?"

ராஜபாய் திரும்பி நின்று, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஊதப் போனா, அடுப்பை யாரு ஊத?"